வீக்கம் வடிந்த பிறகு



லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளிலே ஒரு பரிசேயருடைய வீட்டில் நம் ஆண்டவர் சுகமாக்கிய ஒரு மனிதனைப் பற்றி வாசிக்கிறோம். அவனுக்கு இருந்தது நீர்க்கோவை வியாதி. புதிய ஏற்பாட்டில் இந்த வியாதியின் பெயர் வருவது இந்த ஓரிடத்தில் மாத்திரமே. அவனுடைய பேரோ ஊரோ நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அவன் எப்படி இருந்திருப்பான் என்பது நம் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் ஒரு நாள் நடந்து வந்தவர்களுக்குத் தெரியும். கால் இரண்டும் தூண்போல வீங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகு நேரம் அப்படியே நிற்கும். வயிறு உப்பியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால், இரவெல்லாம் தலையணைகளை அடுக்கி அதன்மேல் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார்கள்.

இருதயம் பலவீனப்பட்டாலும், ஈரல் கெட்டாலும், சிறுநீரகம் பழுதானாலும் இப்படி உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அதை இறக்குவதற்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, வேலை செய்து முடித்த பிறகு ஏன் அதிக ஜாக்கிரதை வேண்டும் என்பதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. சமீபத்தில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் நோயாளிகளைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அந்தப் பெரியவருக்கு வீக்கம் எல்லாம் நன்றாய் வடிந்துவிட்டதே. இன்னும் தினந்தோறும் கையில் குத்தி ரத்தம் எடுக்கிறார்களே, அது எதற்கு? வீண் செலவுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சில வருஷங்களுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் காரியத்திலும் தலையிட்டேன். அதைச் சொல்லிவிட்டே விளக்கத்துக்கு வருவது நேர்மையாயிருக்கும்.

உபதேசியார் ஐயாவின் கதை

ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் ஒரு திங்கட்கிழமை நம்மிடம் வந்து சேர்ந்தார். என்னைவிட மூத்தவர். இளமையில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருந்தது. வந்த அன்று அவருடைய எடை 74 கிலோ. பிரூசமைடு என்னும் நீர் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அன்று இரவே சிறுநீர் தாராளமாய் வெளியேறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை எடை 67 கிலோ. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ என்றால், நாலு நாளில் அவர் ஏழு லிட்டர் நீரை இறக்கி வைத்துவிட்டார் என்று அர்த்தம். முதன்முறையாக அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். மாலை ஜெபத்தில் பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுத்ததும் அவரே.

சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார் டாக்டரம்மா. உபதேசியாரின் மனைவி என்னிடம் வந்தார்கள். "ஐயா, அவுகளுக்கு வீக்கம்தான் வடிஞ்சிட்டே. இன்னும் எதுக்கு ரத்தம்? கையில இருக்கிறது ஊருக்குப் போற பஸ் காசுதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்கள். எனக்கு மனம் இளகிற்று. நான் போய் டாக்டரம்மாவிடம் பரிந்து பேசினேன். அவர்களுக்கு இஷ்டமில்லை. என் முகத்துக்காகவே, "சரி ஐயா, திங்கட்கிழமை காலையில் பார்க்கலாம்" என்று ஒத்துக்கொண்டார்கள். நான் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உதவி செய்துவிட்டதாக எண்ணிச் சந்தோஷமாய் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா வார்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, தண்ணி எல்லாம் வடிஞ்சிட்டு. ஆனா ஆளையே காணோமே!" என்று அழுதார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். உபதேசியார் படுக்கையில்தான் இருந்தார். ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னார். மறுபடி மறுபடி தூங்கி விழுந்தார். கைவிரல்கள் ஒருவிதமாய் இழுத்துக்கொண்டிருந்தன. நாடி ஒழுங்கில்லாமல் துள்ளியது. எடை 62 கிலோ. கால் மெலிந்து, பழைய செருப்பு தாராளமாய் நுழையும்படி இருந்தது. நோயைப் பார்த்தால் ஜெயம். ஆளைப் பார்த்தால் ஆபத்து.

அரைமணி நேரத்தில் இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. அந்தக் காகிதத்தில் இருந்த எண்களை டாக்டரம்மா அன்று எனக்கு ஒவ்வொன்றாய் விளக்கினார்கள். பிற்பாடு நானும் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். அப்படி அறிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

புளிப்பும் காரமும்

நம் இரத்தம் ஏறக்குறைய நடுநிலையானது. மிகக் கொஞ்சம் காரப் பக்கம் சாய்ந்தது. காரம் என்றவுடன் மிளகாயை நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு, சலவைச் சோடா, சவுக்காரம் இவற்றின் குணத்தைத்தான் வேதியியலில் காரம் என்கிறார்கள். எலுமிச்சை, புளி, வினிகர் இவற்றின் குணம் அமிலம். இரத்தம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை பி.எச். என்ற அளவால் குறிக்கிறார்கள். ஆரோக்கியமான மனிதனுக்கு அது 7.35 முதல் 7.45 வரை இருக்கும். இந்தச் சிறிய இடைவெளிக்குள்ளேதான் இருதயத்தின் துடிப்பும், நரம்புகளின் வேலையும், மூளையின் தெளிவும் ஒழுங்காய் நடக்கின்றன.

இந்தத் தராசை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நுரையீரல். கரியமில வாயு இரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும். அதை மூச்சின் வழியே வெளியேற்றுவது நுரையீரலின் வேலை. மற்றவர் சிறுநீரகம். பைகார்பனேட் என்னும் காரப்பொருளை, அதாவது சமையல் சோடாவில் இருக்கிற அதே பொருளை, வேண்டிய அளவு வைத்துக்கொண்டு மிஞ்சியதை வெளியே அனுப்புவது அதன் வேலை. ஒரு லிட்டர் இரத்த நீரில் பைகார்பனேட் 24 அலகுக்கு முன்பின்னாக இருக்க வேண்டும். நுரையீரல் நிமிஷக் கணக்கில் வேலை செய்யும். சிறுநீரகம் நாள் கணக்கில் வேலை செய்யும்.

உபதேசியாருக்குத் திங்கட்கிழமை பைகார்பனேட் 40. பி.எச். 7.53. இரத்தம் காரப்பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. பொட்டாசியம் 3.5க்குக் குறையக் கூடாது, அவருக்கு 2.6. குளோரைடு 100ஐ ஒட்டி இருக்க வேண்டும், அவருக்கு 80. வெள்ளிக்கிழமை எடுத்த பரிசோதனையிலேயே பைகார்பனேட் 32க்கும் பொட்டாசியம் 3.4க்கும் வந்திருந்தன. எச்சரிப்பு அப்போதே எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் டாக்டரம்மா தொடர்ந்து பரிசோதனை கேட்டிருந்தார்கள்.

கடைமடையில் நடக்கும் பண்டமாற்று

நீரை இறக்கத்தானே மருந்து கொடுத்தோம்? காரம் எப்படி ஏறியது? பொட்டாசியம் எங்கே போயிற்று?

நமது சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டரளவுதான் சிறுநீராய்ப் போகிறது. மற்றதெல்லாம் நீண்ட நுண்குழாய்களின் வழியே போகும்போது திரும்ப இரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. உப்பை எடுத்தால் நீரும் அதன் பின்னாலேயே வரும். உப்பு போனால் நீரும் போய்விடும். இதுதான் எல்லா நீர் மருந்துகளுக்கும் அடிப்படை.

தலைமடை, நடுமடை, கடைமடை என்று வாய்க்காலைப் பிரித்துப் பேசுவது நம் விவசாய சகோதரருக்குப் பழக்கம். சிறுநீரகக் குழாயையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் ஹென்லே வளைவு என்று ஓர் இடம் இருக்கிறது. வடிகட்டிய உப்பில் கால்பங்கு அங்கேதான் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரூசமைடு அந்த மடையை அடைத்துவிடுகிறது. எடுக்கப்படாத உப்பும் நீரும் வெள்ளமாய்க் கடைமடைக்குப் பாய்கின்றன. நோயாளி குடங்குடமாய்ச் சிறுநீர் கழிக்கிறார். இது வரைக்கும் நாம் விரும்பியதே நடக்கிறது.

ஆனால் கடைமடையில் வேறொரு வியாபாரம் உண்டு. அங்கே சோடியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பது இரண்டு பொருள்கள்: ஒன்று பொட்டாசியம், மற்றொன்று அமிலம். அளவுக்கு மீறிய சோடியம் கடைமடைக்கு வந்து சேரும்போது இந்தப் பண்டமாற்று மும்முரமாகிறது. இருதயம் பலவீனமானவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் ஏற்கெனவே அதிகமாய்ச் சுரந்திருக்கும்; அது இந்த வியாபாரத்தை இன்னும் முடுக்கிவிடும். அமிலம் ஒரு பங்கு சிறுநீரில் போனால், பைகார்பனேட் ஒரு பங்கு இரத்தத்தில் சேருகிறது. இப்படிப் பொட்டாசியம் குறைகிறது, காரம் ஏறுகிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. குழம்பை அடுப்பிலே வற்றவிட்டால் உப்புக் கரிக்கும் அல்லவா? யாரும் புதிதாய் உப்புப் போடவில்லை, நீர்தான் குறைந்தது. அதுபோல, உப்பும் குளோரைடும் நீரும் வெளியே போய், பைகார்பனேட் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டால், இருக்கிற பைகார்பனேட் அடர்த்தியாகிவிடுகிறது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குச் சுருக்கத்தால் வரும் காரநிலை என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வெகுகாலம் பாடப்புத்தகங்களில் வழங்கிவந்தது. ஆனால் அது முழு விளக்கமல்ல என்று பின்னாளில் லூக், காலா என்னும் இரு சிறுநீரக நிபுணர்கள் வாதாடினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய குற்றவாளி குளோரைடின் குறைவு. மிஞ்சிய பைகார்பனேட்டைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டுமானால், அதற்கு மாற்றாகக் குளோரைடு கையில் இருக்க வேண்டும். குளோரைடு இல்லாவிட்டால் கதவு திறக்காது. எனவே காரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சிகிச்சைக்கு இந்த உண்மை மிகவும் முக்கியம். கீழே மறுபடியும் வருகிறேன்.

உடம்பு என்ன செய்கிறது

இரத்தம் காரப்பக்கம் சாய்ந்தவுடன் நுரையீரல் தராசைச் சமப்படுத்தப் பார்க்கிறது. கரியமில வாயுவைத் தேக்கி வைப்பதற்காக மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்கள் இதைத் தாங்குவார்கள். நீண்டகாலப் புகைப்பழக்கத்தாலோ அடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு, ஏற்கெனவே மந்தமாயிருக்கும் மூச்சு இன்னும் மந்தமாகும்.

காரம் ஏறினால், இரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் பயன்படும் பகுதி குறையும். விரல்கள் மரத்துப்போவதும் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். பொட்டாசியம் குறைந்தால் தசைகள் சோர்ந்துபோகும். இருதயம் தாளம் தப்பும். டிஜாக்சின் என்னும் இருதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பொட்டாசியம் குறைந்த நேரத்தில் அந்த மாத்திரையே விஷம்போல் வேலை செய்யக்கூடும். ஈரல் சுருங்கிய நோயாளிகளின் நிலை இன்னும் மோசம். பொட்டாசியக் குறைவும் காரநிலையும் சேர்ந்தால், அவர்களுடைய இரத்தத்தில் அம்மோனியா கூடி, அது மூளைக்குள் எளிதாய் நுழைந்துவிடும். வயிற்று நீரை இறக்கப் போய் நோயாளி நினைவிழந்து கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இவற்றில் ஒன்றும் வெளியே பார்த்தால் தெரியாது என்பதே ஆபத்து. வெளியே பார்க்கிறவர்களுக்குக் கால் மெலிந்தது தெரியும், எடை குறைந்தது தெரியும். உள்ளே தராசு சாய்ந்தது இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம்

பைகார்பனேட் ஒன்றை மட்டும் அளந்தால் போதாதா, பி.எச். எதற்கு, கரியமில வாயுவின் அளவு எதற்கு என்று கேட்கலாம். இதற்கு 1952ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் நகரம் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அவ்வருஷம் அங்கே இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாய்ப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திர உதவி பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களுடைய இரத்தத்தில் பைகார்பனேட் உயர்ந்திருந்தது. அதைக் கண்ட மருத்துவர்கள், இது ஏதோ காரம் மிகுந்த நிலை என்று எண்ணினார்கள். மயக்க மருந்து நிபுணராகிய பியான் இப்சென் அதை மறுத்தார். மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கிவிட்டது, அந்த அமிலத்தைச் சமாளிக்கவே பைகார்பனேட் உயர்ந்திருக்கிறது என்றார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு சிறுமியின் தொண்டையில் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்து, தாம் சொன்னதை நிரூபித்துக் காட்டினார். அதன்பின் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைபோட்டு இரவு பகலாய்ப் பை அமுக்கினார்கள். அநேகம் பேர் பிழைத்தார்கள். அங்கே ஆய்வகத் தலைவராயிருந்த பவுல் ஆஸ்ட்ரப், இரத்தத்தின் பி.எச்., கரியமில வாயு இவற்றை எளிதாய் அளக்கும் முறையை அதைத் தொடர்ந்து உருவாக்கினார். நம் ஆய்வகத்தில் ஒரு மேஜையின் மூலையில் இருக்கும் சிறிய இயந்திரம் அந்தப் பரம்பரையில் வந்ததே.

உபதேசியாருக்கும் இந்தச் சந்தேகம் எழுந்தது. அவர் தூங்கி விழுந்தது மூச்சுப் போதாமையாலா, நீர் மருந்தினாலா? இரண்டிலும் பைகார்பனேட் உயரும். ஆனால் சிகிச்சை வேறு. பி.எச். 7.53 என்று வந்தபடியால் சந்தேகம் தீர்ந்தது. அது 7.35க்குக் கீழே இருந்திருந்தால் வேறு பாதையில் போயிருப்பார்கள்.

மருந்துகளின் வரலாற்றில் சில பக்கங்கள்

நீர்க்கோவைக்கு மருந்து தேடியது வெகு பழைய முயற்சி. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், டிஜிடாலிஸ் செடியின் இலையால் நீர்க்கோவை நோயாளிகள் குணமடைந்ததை 1785ஆம் ஆண்டில் புத்தகமாக எழுதினார். 1919ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஆல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்காகக் கொடுக்கப்பட்ட ஒரு பாதரச ஊசியால் ஒரு நோயாளியின் சிறுநீர் திடீரென்று பெருகியதைக் கண்டுபிடித்தார். அதைக் காட்டிக்கொடுத்தது நர்ஸ்மார் தினந்தோறும் ஒழுங்காய் எழுதிவைத்த சிறுநீர் அளவுக் குறிப்பு. அதன்பின் நாற்பது வருஷத்துக்கு நீர்க்கோவைக்குப் பாதரச ஊசியே கதி என்றாயிற்று.

1949ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் வில்லியம் சுவார்ட்ஸ் வேறொரு வழியைக் காட்டினார். கிருமிகளைக் கொல்லும் சல்பானிலமைடு மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரில் பைகார்பனேட் கழிகிறது, அதனால் இரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது என்று அப்போது தெரிந்திருந்தது. அந்தப் பக்கவிளைவையே அவர் மருந்தாகப் பயன்படுத்தி, இருதய நோயாளிகளுக்கு நீரை இறக்கிக் காட்டினார். அதிலிருந்து அசிட்டசோலமைடு என்ற மாத்திரை 1950களில் வந்தது. 1958இல் குளோரோதயாசைடு விற்பனைக்கு வந்தது. 1960களின் நடுவில் பிரூசமைடு வந்தது. பலத்த மருந்தாகையால் மற்றவற்றை அது பின்னே தள்ளிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மருந்தும் தராசை ஒவ்வொரு பக்கம் சாய்க்கிறது. பிரூசமைடும் தயாசைடு மருந்துகளும் காரப்பக்கம் சாய்க்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அசிட்டசோலமைடு அமிலப்பக்கம் சாய்க்கும். அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் அமிலப்பக்கமே சாய்க்கும். ஆனால் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ஆகவே எந்த நீர் மாத்திரை, எத்தனை என்பதை மருந்துக் கடையில் நின்று முடிவு செய்யக் கூடாது.

உபதேசியாருக்கு என்ன செய்தார்கள்?

சாதாரணமாய் நீர் அதிகம் வற்றிப்போனவருக்கு உப்புநீரைச் சொட்டுச் சொட்டாய் ஏற்றினால், அதிலுள்ள குளோரைடு கதவைத் திறந்துவிடும். காரம் தானே இறங்கும். ஆனால் உபதேசியாரின் கணுக்காலிலும் முதுகின் அடியிலும் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருந்தது. இருதயமோ பலவீனம். உப்புநீரை ஏற்றினால் மறுபடி மூச்சு முட்டும். நீர் மருந்தைத் தொடர்ந்தால் காரம் இன்னும் ஏறும். முன்னே போனால் ஆறு, பின்னே வந்தால் நெருப்பு என்ற நிலை.

டாக்டரம்மா பிரூசமைடை நிறுத்தி வைத்தார்கள். முதலில் பொட்டாசியத்தைக் கொடுத்தார்கள். அதுவும் பொட்டாசியம் குளோரைடாக. வேறு வகைப் பொட்டாசிய மருந்து பொட்டாசியத்தை ஈடு செய்யும், ஆனால் குளோரைடைத் தராது. கூடவே மக்னீசியமும் கொடுத்தார்கள். அது குறைவாயிருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் உடம்பில் தங்காது. பொட்டாசியம் சற்று ஏறிய பிறகே அசிட்டசோலமைடு இரண்டு நாள் கொடுத்தார்கள். அது மிஞ்சிய பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்ததோடு, மீந்திருந்த வீக்கத்தையும் கொஞ்சம் இறக்கிற்று. காலையும் மாலையும் இரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை மாலை அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வியாழக்கிழமை பைகார்பனேட் 30, பொட்டாசியம் 4.0. அன்று சாயங்காலம் நான் போனபோது, "ஐயா, ரெண்டு நாளா ஜெபத்துக்கு வரலையோ?" என்று என்னையே குற்றம் சாட்டினார். நான் தினமும் வந்து அவர் கட்டிலருகே நின்றது அவருக்குத் தெரியாது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்களோ என்னவோ.

பழைய மாத்திரையாகிய அசிட்டசோலமைடுக்குச் சமீபத்தில் புது மதிப்பு வந்திருக்கிறது. பெல்ஜியம் தேசத்தில் இருதயப் பலவீனத்தால் நீர் கோத்த 519 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிரூசமைடு வகை மருந்தோடு அசிட்டசோலமைடும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 42 பேருக்கு மூன்று நாளுக்குள் நீர் முற்றிலும் இறங்கிற்று. சேர்க்கப்படாதவர்களில் அது 100க்கு 30 பேர் அளவே. தொடக்கத்திலேயே பைகார்பனேட் உயர்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பலன் கூடுதலாய் இருந்தது. ஆனாலும் இதனால் மரணம் குறைந்ததாக அந்த ஆராய்ச்சி காட்டவில்லை. இந்த மருந்தையும் அதிக நாள் கொடுத்தால் இரத்தம் மறுபக்கம், அதாவது அமிலப்பக்கம், சாய்ந்துவிடும். ஆகவே இதற்கும் பரிசோதனை வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உங்கள் குடும்பத்திலோ சபையிலோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

1. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், ஆகாரத்துக்கு முன், தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும், திடீரென்று மிகவும் இறங்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. வீக்கம் கூடிவிட்டது என்று நீங்களே மாத்திரையைக் கூட்ட வேண்டாம். வடிந்துவிட்டது என்று நீங்களே நிறுத்தவும் வேண்டாம்.

3. வாந்தியோ வயிற்றுப்போக்கோ காணும் நாட்களில் நீர் மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள். வாந்தியில் அமிலமும் குளோரைடும் போய்விடுவதால் காரம் இன்னும் வேகமாய் ஏறும்.

4. தசைப்பிடிப்பு, விரல் மரத்துப்போதல், படபடப்பு, காரணமில்லாத தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் இவற்றை முதுமையின் தளர்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள்.

5. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. "பொட்டாசியம் குறையும் என்றார்களே" என்று எல்லோரும் இளநீர் குடிக்கத் தொடங்க வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது ஆபத்தாய் முடியும். சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதுண்டு.

6. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றைக் குறைத்தால், நீர் மாத்திரையின் அளவையே குறைக்க வழி பிறக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. நம் வயதானவர்களுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவாக

இரக்கம் என்றால் நோயாளியின் செலவைக் குறைப்பது என்று அன்று நான் எண்ணினேன். அந்த இரண்டு நாள் பரிசோதனையை நிறுத்தியதால் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சிய பணம் சொற்பம்; பிறகு கூடுதலாய்த் தங்கிய நாட்களுக்கும் மருந்துகளுக்கும் ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு. செலவுக்கு வழி தேடியிருக்க வேண்டிய நான் பரிசோதனையைத் தடுத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர்கள், "ஐயா, வேண்டாமென்று சொல்லாதது என் தப்பும்தான். இனிமேல் காசு இல்லையென்று யாராவது வந்தால் என்னிடம் வர வேண்டாம், ஏழை நோயாளி நிதிப் பெட்டியிடம் போங்கள்" என்றார்கள். அந்த நிதியிலிருந்துதான் இன்று இப்படிப்பட்டவர்களுடைய தினசரி இரத்தப் பரிசோதனைக்குப் பணம் எடுக்கிறோம். அந்த நிதியில் இருப்பது நீங்கள் அனுப்பிய காணிக்கை. வார்டில் கையில் குத்தி ரத்தம் எடுப்பதைப் பார்த்து மனம் வருந்திய அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலும் இதுவே: "அம்மா, அது வீண் செலவு அல்ல. வீக்கம் வடிகிற நாட்களில்தான் அது அதிகம் தேவை."

உபதேசியார் ஐயா இன்றும் மாதம் ஒருமுறை வருகிறார். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் தினசரி எடையை எழுதி, ஓரத்தில் அந்தந்த வாரத்து மாத்திரையையும் குறித்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் 63 கிலோ. பரிசோதனைக் கூடத்தின் முன் பெஞ்சியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தம் முறைக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்தில் முணுமுணுக்கிறவர்களுக்கு அவரே இதையெல்லாம் விளக்கிச் சொல்லுகிறார். என்னைவிட நன்றாகவே சொல்லுகிறார்.